கெர்னல் நிரலில் ஸ்பின்லாக்கா, மியூட்டெக்ஸா, செமஃபோரா? முதல் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் முதன்முறையாக டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்) எழுத வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஒரே தரவை இரண்டு பக்கங்களிலிருந்து தொட வேண்டியிருக்கிறது. அதைக் காக்கும் மூன்று பூட்டுகளில் ஸ்பின்லாக் போடுவதா, மியூட்டெக்ஸ் போடுவதா, கல்லூரிப் பாடத்தில் படித்த செமஃபோரைப் போடுவதா என்பது புரிவதில்லை. ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் கழிவுநீர்க் குழாயில் பொருத்திய ஓட்டமானிக்கு டிரைவர் எழுதியபோது நானும் அங்கேதான் நின்றேன். அந்த ஒரு தேர்வைத் தவறாகச் செய்ததால் எனக்கு ஏழு வாரங்கள் வீணாயின. காட்பாடியில் என்னிடம் சந்தேகம் கேட்க வரும் மாணவர்களும் அதே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்த பிறகு, நான் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது என்பதற்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை அனைத்தும் லினக்ஸ் கெர்னலுக்கு உரியவை. ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் மூலப்பெயர் விளங்கிவிடும்.

1. பூட்டை நினைப்பதற்கு முன் தரவைத் தாளில் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இடப்பக்கத்தில் பகிரப்படும் தரவையும் வலப்பக்கத்தில் அதைத் தொடுகிறவர்களையும் எழுதுங்கள். பூட்டு என்பது தரவைக் காப்பதற்கானது. நிரலின் ஒரு பகுதியைக் காப்பதற்கானது அன்று. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதியாதவரை, எந்தப் பூட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அது தவறான இடத்தில்தான் போய் உட்காரும்.

என் ஓட்டமானிக்கான தாளில் மூன்று வரிகள் இருந்தன. முதலாவது, துடிப்புகளின் எண்ணிக்கையும் கடைசித் துடிப்பு வந்த நேரமும்: குழாயில் நீர் ஓடும்போது மானி அனுப்பும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் இன்டரப்ட் (வன்பொருள் செயலியை இடைமறிக்கும் அழைப்பு) வருகிறது, அதைக் கையாளும் ஃபங்ஷனான ஹேண்ட்லர் இவ்விரண்டையும் மாற்றுகிறது, பயனர் நிரல் ரீட் அழைப்பின் வழியே இவற்றைப் படிக்கிறது. இரண்டாவது, ஐ2சி என்னும் இருகம்பி இணைப்பில் அமர்ந்திருக்கும் சிப்பிலிருந்து வரும் அமிலத்தன்மை, வெப்பநிலை அளவுகள்: இவற்றைப் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு வொர்க்க்யூ (வேலையைப் பின்னணியில் ஓட்டும் கெர்னல் வரிசை) புதுப்பிக்கிறது, ரீட் அழைப்பும் தொடுகிறது. மூன்றாவது, அளவீட்டுத் திருத்த எண்கள்: சிஸ்எஃப்எஸ் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் அடைவு) வழியாக எப்போதாவது ஒருமுறை எழுதப்படுபவை.

எண்ணிக்கை மட்டும் போதும் என்றிருந்தால் எனக்குப் பூட்டே தேவைப்பட்டிருக்காது. இடையில் யாரும் குறுக்கிட முடியாதபடி மாறும் அட்டாமிக் வகை மாறி ஒன்று அந்த வேலையைச் செய்திருக்கும். ஆனால் எண்ணிக்கையும் நேரமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால்தான் ஓட்ட வேகத்தைக் கணக்கிட முடியும். புதிய எண்ணிக்கையோடு பழைய நேரம் சேர்ந்துவிட்டால், ஓடாத நீர் ஓடியதாகக் கணக்கு காட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் சேர்ந்தே மாற வேண்டிய இடத்தில்தான் பூட்டு தேவைப்படுகிறது.

2. ஒவ்வொரு தொடுகையும் எந்தச் சூழலில் நடக்கிறது என்று குறியுங்கள்

அதே தாளில், தொடுகிற ஒவ்வொருவரின் பக்கத்திலும் அவர் உறங்கக் கூடியவரா, கூடாதவரா என்று எழுதுங்கள். இந்தத் தேர்வு முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது. கெர்னலில் உறங்குவது என்றால், காத்திருக்கும் ப்ராசஸ் ஒதுங்கிக்கொண்டு, கோரை (செயலியின் ஒரு மையத்தை) வேறு ப்ராசஸிடம் ஒப்படைப்பது.

ரீட், ரைட், ஐயாக்டல் போன்ற சிஸ்டம் அழைப்புகளின் வழி வரும் நிரல் உறங்கலாம். வொர்க்க்யூவும் கெர்னல் த்ரெட்டும் உறங்கலாம். த்ரெட் வகை இன்டரப்ட்டாகப் பதிவுசெய்த ஹேண்ட்லரும் உறங்கலாம். நேரடி இன்டரப்ட் ஹேண்ட்லர் உறங்கவே கூடாது. இன்டரப்ட்டின் மீதி வேலையைச் சற்றுப் பின்னர் முடிக்கும் சாஃப்ட்ஐஆர்க்யூ, டாஸ்க்லெட் ஆகியவையும் அப்படியே. இங்கே பலரும் ஏமாறுவது டைமரிடம்தான். கெர்னல் டைமரின் ஃபங்ஷன் பார்ப்பதற்குச் சாதாரண ஃபங்ஷன் போலவே இருக்கும்; ஆனால் அது சாஃப்ட்ஐஆர்க்யூ சூழலில் ஓடுகிறது. அதற்குள் மியூட்டெக்ஸைப் பிடிக்க முடியாது.

3. பூட்டைப் பிடித்திருக்கும் வேளையில் என்ன செய்கிறீர்கள், அதன் செலவு என்ன என்று கணக்கிடுங்கள்

ஸ்பின்லாக்குக்காகக் காத்திருக்கும் கோர் வேறு எந்த வேலையும் செய்யாமல், பூட்டு விடுபட்டதா என்று பார்த்தபடி அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மியூட்டெக்ஸுக்கோ செமஃபோருக்கோ காத்திருக்கும் ப்ராசஸ் உறங்கிவிடும், கோர் அடுத்த வேலைக்குப் போகும். அப்படி உறங்கப்போய்த் திரும்ப எழுவதற்கும் ஒரு விலை உண்டு; அது பொதுவாக மைக்ரோ நொடிக் கணக்கில் இருக்கும். ஆகவே பூட்டைப் பிடித்திருக்கும் நேரம் அந்த விலையைவிடக் குறைவு என்றால் சுற்றுவது இலாபம், அதிகம் என்றால் உறங்குவது இலாபம்.

என் ஐ2சி கணக்கை அப்படியே தருகிறேன். அந்த இணைப்பு 100 கிலோஹெர்ட்ஸில் ஓடியது. ஒரு பைட்டுக்கு ஒப்புதல் பிட்டையும் சேர்த்து 9 துடிப்புகள் வேண்டும். அதாவது ஒரு பைட்டுக்கு 90 மைக்ரோ நொடி. முகவரிகளையும் சேர்த்து ஒரு வாசிப்புக்கு 10 பைட் என்றால் 900 மைக்ரோ நொடி. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்தால், 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்னொரு கோர் ஒரு வாசிப்புக்காக ஒன்பது லட்சம் சுழற்சிகளைச் சும்மா செலவழிக்கும். இந்தக் கணக்கைத் தாளில் போட எனக்கு ஐந்து நிமிடம் ஆனது; போட்டிருக்க வேண்டிய நாளிலிருந்து ஏழு வாரம் கழித்துப் போட்டேன்.

செலவு மட்டும் பிரச்சினையானால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐ2சி பரிமாற்றம் முடியும்வரை அழைத்தவர் உறங்குகிறார். ஸ்பின்லாக்கைப் பிடித்தவர் உறங்கவே கூடாது. இந்த விதியை மீறியதால் நடந்ததைச் சொல்கிறேன். காட்பாடியில் என் மேசையிலிருந்த போர்டு ஒரே கோர் கொண்டது. அதில் ஓடியது முன்னிடைமறிப்பு (ஓடும் கெர்னல் நிரலை நடுவில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) இல்லாத கெர்னல். அத்தகைய கெர்னலில் ஸ்பின்லாக் என்பது தொகுக்கும்போதே ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகிவிடும். ஆகவே என் தவறு பன்னிரண்டு நாள் சோதனையிலும் வெளிப்படவில்லை. ராணிப்பேட்டையில் பொருத்தியது நான்கு கோர் போர்டு. முதல் நாள் மாலையே அது நின்றுபோனது. ரீட் அழைப்பு ஸ்பின்லாக்கைப் பிடித்தபடி ஐ2சி-க்காக முதல் கோரில் உறங்கியது; அந்நேரம் பார்த்து அதே கோருக்கு ஒரு துடிப்பு இன்டரப்ட் வந்தது; ஹேண்ட்லர் அந்தப் பூட்டுக்காகச் சுற்றத் தொடங்கியது. ஹேண்ட்லர் முடியாமல் உறங்கியவர் எழ முடியாது, உறங்கியவர் எழாமல் பூட்டு விடுபடாது. 21 நொடிகள் கழித்து, ஒரு கோர் பதில் தரவில்லை என்று ஆர்சியூ (கெர்னலின் ஓர் ஒத்திசைவு ஏற்பாடு) தரும் எச்சரிக்கை சீரியல் திரையில் வந்து நின்றது.

பூட்டுக்குள் இருக்கும்போது உறங்கக்கூடிய அழைப்புகள் பல, சாதாரண முகத்தோடு இருப்பவை. ஜிஎஃப்பி_கெர்னல் கொடியுடன் கேமல்லாக் அழைத்தால் நினைவகம் கிடைக்கும்வரை உறங்கலாம். காப்பி_டு_யூசர், காப்பி_ஃப்ரம்_யூசர் இரண்டும் பயனர் பக்கம் நினைவகத்தில் இல்லாதபோது உறங்கும். எம்ஸ்லீப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. நீங்கள் அழைக்கும் ஃபங்ஷனுக்குள் மைட்_ஸ்லீப் என்ற வரி இருக்கிறதா என்று மூலத்தைத் திறந்து பாருங்கள். இருந்தால் அதை ஸ்பின்லாக்குக்கு வெளியே வையுங்கள்.

4. இப்போது தேர்ந்தெடுங்கள்

முதல் மூன்று படிகளை முறையாகச் செய்திருந்தால் இந்தப் படிக்கு ஒரு நிமிடம் போதும். தரவைத் தொடுகிறவர்களில் ஒரே ஒருவராவது உறங்கக் கூடாதவராக இருந்தால் ஸ்பின்லாக்தான், வேறு வழியில்லை. தொடுகிற எல்லோரும் உறங்கக் கூடியவர்கள் என்றால் மியூட்டெக்ஸ். எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்மையிலேயே தேவைப்படும் அரிய இடத்தில் மட்டும் செமஃபோர்.

உறங்கக் கூடாத ஒருவரும், பூட்டுக்குள் உறங்கியே ஆக வேண்டிய வேலையும் ஒரே தரவில் சந்தித்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தரவைப் பிரியுங்கள். நான் செய்தது அதுதான்: துடிப்பு எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் ஒரு ஸ்பின்லாக், ஐ2சி அளவுகளுக்கும் திருத்த எண்களுக்கும் ஒரு மியூட்டெக்ஸ். எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு என்று நான் பிடிவாதமாக இருந்ததுதான் அத்தனை துன்பத்துக்கும் காரணம்.

மியூட்டெக்ஸ் மெதுவானது என்ற அச்சத்தால் ஸ்பின்லாக்கைத் தேடிப் போகாதீர்கள். போட்டி இல்லாதபோது மியூட்டெக்ஸைப் பிடிப்பது ஓர் அட்டாமிக் செயலோடு முடிந்துவிடுகிறது. போட்டி இருந்தாலும், பிடித்திருப்பவர் இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருக்கும்வரை, காத்திருப்பவர் உடனே உறங்காமல் சற்றுச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு பல்கோர் கெர்னலில் இருக்கிறது.

5. செமஃபோருக்கு உரிய இடம் எது என்று அறிந்துகொள்ளுங்கள்

பாடப்புத்தகத்தில் மதிப்பு 1 கொண்ட செமஃபோரையும் மியூட்டெக்ஸையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். கெர்னலில் அவை ஒன்றல்ல. ரயில்வேயில் செமஃபோர் என்பது கைகாட்டி. காட்பாடிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தக் கைகாட்டி மரம் நன்றாக நினைவிருக்கும். கைகாட்டியை இறக்குகிறவர் கேபினில் இருக்கிறார், அதைப் பார்த்துக் கடந்து போவது ரயில்; கைகாட்டி ரயிலுக்குச் சொந்தமானதன்று. கெர்னல் செமஃபோரும் அப்படியே: டவுன் செய்தவர்தான் (மதிப்பை ஒன்று குறைத்து உள்ளே போனவர்தான்) அப் செய்ய (மதிப்பை ஒன்று கூட்ட) வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்துகூட அப் செய்யலாம். மியூட்டெக்ஸ் என்பது இடுப்பில் முடிந்துகொண்ட சாவி; பூட்டியவரே திறக்க வேண்டும்.

சொந்தக்காரர் இல்லாததுதான் செமஃபோரின் பலம், அதுவே அதன் குறையும். மியூட்டெக்ஸைத் தவறான ஆள் திறந்தால், சோதனைக் கெர்னல் உடனே கூச்சலிடும். செமஃபோரில் யார் தவறு செய்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பின்னால் சொல்லப்போகும் லாக்டெப் கருவி மியூட்டெக்ஸையும் ஸ்பின்லாக்கையும் தொடர்ந்து கண்காணிக்கும். சாதாரணச் செமஃபோரைக் கண்காணிப்பதில்லை. ஆகவே ஒருவர் மட்டும் உள்ளே போக வேண்டும் என்பதற்காகப் புதிய நிரலில் செமஃபோரை எழுதாதீர்கள்.

ஒரு சாதனம் ஒரே நேரத்தில் நான்கு கட்டளைகளை மட்டும் ஏற்கும் என்றால், மதிப்பு 4 கொண்ட செமஃபோர் பொருத்தமானது. ஐந்தாவது கட்டளையோடு வருகிறவர் உறங்கிக் காத்திருப்பார். ஒரு கட்டளை முடிந்ததும் இன்டரப்ட் ஹேண்ட்லர் அப் செய்வார். அந்த நான்கு இடங்களின் பட்டியலைக் காக்க அப்போதும் தனியாக ஒரு பூட்டு வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒருவர் இன்னொருவருக்கு வேலை முடிந்தது என்று சொல்வதற்காக, மதிப்பு 0 கொண்ட செமஃபோரைப் பயன்படுத்துகிறவர்களையும் பார்க்கிறேன். அதற்கென்றே கம்ப்ளீஷன் இருக்கிறது. காத்திருப்பவர் வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட் அழைக்கட்டும், முடித்தவர் கம்ப்ளீட் அழைக்கட்டும். இந்தக் கம்ப்ளீட்டை இன்டரப்ட்டிலிருந்தும் அழைக்கலாம். காலக்கெடு இல்லாத வடிவத்தை வன்பொருளை நம்பிப் போடாதீர்கள். ஈரமும் தோல் இரசாயனமும் படிந்த கம்பி ஒருநாள் அறுந்தே தீரும். அன்றைக்கு உங்கள் ப்ராசஸ் எழவே எழாது.

6. ஸ்பின்லாக் என்றால் எந்த வடிவம் என்று தீர்மானியுங்கள்

நேரடி இன்டரப்ட் ஹேண்ட்லரும் அதே தரவைத் தொடுகிறது என்றால், ப்ராசஸ் பக்கத்தில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் வேண்டும். வெறும் ஸ்பின்_லாக் போட்டால், பூட்டைப் பிடித்திருக்கும் அதே கோரில் இன்டரப்ட் வந்து அதே பூட்டுக்காகச் சுற்றும், எந்நாளும் முடியாது. டைமரோ டாஸ்க்லெட்டோ மட்டும் பகிர்கிறது என்றால் ஸ்பின்_லாக்_பிஎச் போதும். ப்ராசஸ் சூழலுக்குள்ளேயே பகிர்வு நடந்து, பூட்டுக்குள் மிகச் சில வரிகளே இருந்தால் ஸ்பின்_லாக் போதும்.

2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலிருந்து ப்ரீஎம்ப்ட்_ஆர்டி என்ற நிகழ்நேர வடிவம் முதன்மைக் கெர்னலிலேயே இருக்கிறது. அதை இயக்கித் தொகுத்தால் சாதாரண ஸ்பின்லாக் உறங்கும் பூட்டாக மாறிவிடும்; ரா_ஸ்பின்லாக் மட்டுமே உண்மையில் சுற்றும். அதற்காக எல்லாவற்றையும் ராவாக மாற்ற வேண்டாம். டிரைவர் எழுதுகிறவருக்கு அது தேவைப்படும் நாள் மிக அரிது.

7. வழக்கமாக விழும் பள்ளங்கள்

ட்ரைலாக்கின் (காத்திராமல் பூட்டைப் பிடித்துப் பார்க்கும் அழைப்பின்) விடை. மியூட்டெக்ஸ்_ட்ரைலாக், ஸ்பின்_ட்ரைலாக் இரண்டும் பூட்டு கிடைத்தால் 1 தரும். டவுன்_ட்ரைலாக் பூட்டு கிடைத்தால் 0 தரும். செமஃபோரிலிருந்து மியூட்டெக்ஸுக்கு மாறும்போது இந்த நிபந்தனையைத் திருப்பி எழுத மறந்தால், பூட்டு கிடைக்காத நேரத்தில் மட்டும் உள்ளே போகும் டிரைவர் உங்களுக்குக் கிடைக்கும்.

இன்டரப்டிபிள் வடிவங்களின் விடை. டவுன்_இன்டரப்டிபிள், மியூட்டெக்ஸ்_லாக்_இன்டரப்டிபிள் இரண்டும் இடையில் சிக்னல் வந்தால் பூட்டைப் பிடிக்காமலே பிழையுடன் திரும்பும். அந்த விடையைப் பார்க்காமல் தொடர்ந்தால், பூட்டு இல்லாமலே தரவைத் தொட்டு, கடைசியில் பிடிக்காத செமஃபோரை அப் செய்துவிடுவீர்கள். மதிப்பு 1 ஆக இருந்தது 2 ஆகிவிடும். அன்றிலிருந்து இருவர் ஒரே நேரத்தில் உள்ளே போவார்கள். பயனர் ஒருமுறை கன்ட்ரோல்-சி அழுத்தினால் போதும், இது நடந்துவிடும்.

பிழைப் பாதையில் பூட்டை விடாமல் திரும்புவது. ஃபங்ஷனின் நடுவே பிழை என்று ரிட்டர்ன் எழுதும்போது பூட்டு கையிலேயே தங்கிவிடுகிறது. 2023-இல் வந்த 6.5 பதிப்பு முதல் கார்டு என்ற ஏற்பாடு உண்டு. அதைக் கொண்டு பிடித்த பூட்டு, அந்த அடைப்பை விட்டு எந்த வழியில் வெளியேறினாலும் தானே விடுபடும். புதிய நிரலில் இதையே பழகிக்கொள்ளுங்கள்.

வரிசை மாறிப் பிடிப்பது. ஓரிடத்தில் முதல் பூட்டுக்குப் பின் இரண்டாவதையும், வேறோரிடத்தில் இரண்டாவதற்குப் பின் முதலாவதையும் பிடித்தால், என்றோ ஒருநாள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதுதான் டெட்லாக். வரிசையை எழுதிவைத்து, எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள். மியூட்டெக்ஸ் வெளியே, ஸ்பின்லாக் உள்ளே. இதைத் திருப்பிப் போட முடியாது.

8. சோதனைக் கெர்னலைத் தொகுத்து, வேண்டுமென்றே நெருக்கடி கொடுங்கள்

பணச் செலவு என்று எதுவும் இல்லை. கெர்னல் மூலமும், கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கிக் காட்டும் க்யூஈஎம்யூவும் இலவசம். மூலத்துக்கும் தொகுப்புக்கும் 25 ஜிபி வட்டு இடத்தை ஒதுக்கிவையுங்கள். என் பழைய மடிக்கணினியில் முதல் தொகுப்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்தடுத்த தொகுப்புகள் மாற்றிய கோப்புகளோடு முடிந்துவிடும். சாத்துவாச்சாரியில் இருந்த நாட்களில் இரவில் தொகுப்பைத் தொடங்கிவிட்டுப் படுப்பேன். மின்தடை வந்தாலும், மறுபடி தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

அமைப்பில் ப்ரூவ்_லாக்கிங், டீபக்_அட்டாமிக்_ஸ்லீப், டீபக்_மியூட்டெக்ஸஸ், டீபக்_ஸ்பின்லாக் ஆகிய நான்கையும் இயக்குங்கள். முதலாவதுதான் லாக்டெப். டெட்லாக் உண்மையில் நிகழும்வரை அது காத்திருப்பதில்லை. இரண்டு வரிசைகளும் தனித்தனியாக ஒருமுறை ஓடினாலே, இவை மோதக்கூடும் என்று சொல்லிவிடும். ஆனால் முதல் எச்சரிக்கையைத் தந்ததும் தன்னை நிறுத்திக்கொள்ளும். அதன் பிறகு திரை அமைதியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்; அந்தப் பிழையைத் திருத்தி, இயந்திரத்தை மறுபடி துவக்கி, மீண்டும் ஓட்டுங்கள். இந்த அமைப்புகள் கெர்னலை வேகம் குறைக்கும் என்பதால், களத்தில் பொருத்தும் கெர்னலில் இவற்றை அணைத்துவிட வேண்டும்.

க்யூஈஎம்யூவை எப்போதும் நான்கு கோர்களோடு இயக்குங்கள். ஒரு கோரில் மட்டும் சோதித்ததுதான் என் ஏழு வாரங்களில் பெரும்பகுதியைத் தின்றது. பிறகு, உண்மையான போர்டில் நெருக்கடி கொடுங்கள்: நொடிக்கு ஐந்து துடிப்பு தரும் மானிக்குப் பதிலாக, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து நொடிக்கு ஐந்நூறு துடிப்பு கொடுத்து, நான்கு ப்ராசஸ்களை இடைவிடாமல் படிக்கவைத்து, இடையிடையே அவற்றைக் கொன்று மறுபடி தொடங்கி, ஓர் இரவு முழுவதும் ஓட்டினேன். ஒரு கோர் கெர்னலுக்குள்ளேயே இயல்பமைப்பில் 20 நொடிக்கு மேல் சிக்கிக்கொண்டால் சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கை வரும். சிக்னலாலும் எழுப்ப முடியாத உறக்கத்தில் ஒரு ப்ராசஸ் இயல்பமைப்பில் 120 நொடிக்கு மேல் கிடந்தால் ஹங் டாஸ்க் எச்சரிக்கை வரும். முன்னது வந்தால் ஸ்பின்லாக்கையும், பின்னது வந்தால் மியூட்டெக்ஸ், செமஃபோர், கம்ப்ளீஷன் ஆகியவற்றையும் முதலில் சந்தேகியுங்கள்.

9. ஆவணங்களும் பூட்டுக்கு மேல் எழுதும் குறிப்பும்

வலையில் தேடிக் கிடைப்பவற்றில் பல பழைய பதிப்புகளுக்கு உரியவை. உங்கள் கையிலுள்ள கெர்னல் மூலத்தோடு வரும் டாக்குமென்டேஷன் அடைவைத் திறந்து, அதற்குள் லாக்கிங் அடைவிலுள்ள லாக்டைப்ஸ், மியூட்டெக்ஸ்-டிசைன் ஆகிய இரண்டு கோப்புகளை முதலில் படியுங்கள். கெர்னல்-ஹேக்கிங் அடைவிலுள்ள லாக்கிங் கோப்பில், எந்தச் சூழலும் எந்தச் சூழலும் பகிர்ந்தால் எந்தப் பூட்டு என்று ஓர் அட்டவணை இருக்கிறது; அதை அச்செடுத்து மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். மூன்றையும் நிதானமாகப் படிக்க ஒரு வார இறுதி போதும்.

பேட்ச் அனுப்பும் எண்ணம் இருந்தால், செக்பேட்ச் கருவியைக் கண்டிப்பு நிலையில் ஓட்டிப் பாருங்கள். குறிப்பு இல்லாமல் ஸ்பின்லாக்கோ மியூட்டெக்ஸோ அறிவித்திருந்தால் அது கேள்வி கேட்கும். முதல் படியில் தாளில் எழுதியதுதான் அந்தக் குறிப்பு. என் டிரைவரின் ஸ்பின்லாக்குக்கு மேல் இன்றும் இருக்கும் குறிப்பைத் தமிழில் தருகிறேன்: "துடிப்பு எண்ணிக்கையையும் கடைசித் துடிப்பு நேரத்தையும் காக்கிறது. இன்டரப்ட்டிலும் பிடிக்கப்படும். இதைப் பிடித்தபடி ஐ2சி-யைத் தொடக்கூடாது."